புல எண் 118/3ஏ

எங்கள் ஊருக்குச் சிறுவளையம் என்று பெயர்.
தலைக்கு மேல் ஒரு பெருவளையம் இருப்பது
அந்த ராத்திரிக்குப் பிறகுதான் தெரிந்தது.
அரக்கோணத்தில் ஊன்றிய காம்பஸ்
நெமிலி, பனப்பாக்கம் எல்லாம் சுற்றி வந்து
எங்கள் களத்துமேட்டுக்கு மேலேயும் கோடு கிழித்திருக்கிறது.
அதற்குள் யாரும் பறக்கக் கூடாதாம்.
கொக்குகளுக்குத் தெரியாது.
கிராம நிர்வாக அலுவலர், எனக்கும் தெரியாது.

கடற்படை விமானத்தின் சத்தம் பழகிய சத்தம்,
தூளியில் பிள்ளைகூடப் புரளாது.
இது வேறு என்றார் தேசிங்கு.
மண்ணெண்ணெய் ஊற்றிய மொபெட்
ஏரிக்கரை ஏற முடியாமல் முக்குமே, அப்படி.
ரெண்டு தரம் சுற்றியதாம்.
"செவப்பா ஒரு வெளக்கு, உட்டு உட்டு எரிஞ்சுது.
அப்புறம் அதுவும் இல்ல."

மும்முனைக் கரண்ட் பதினொன்றரைக்குத்தான் வரும்.
அதனால்தான் அந்த நேரத்தில் அவர் மல்லாட்டைக் கொல்லையில்.
(அடங்கலில் நிலக்கடலை என்று எழுதுவேன்.
வாயில் வருவது மல்லாட்டைதான்.)

நான் எழுதியது:
புல எண் 118/3ஏ. பட்டாதாரர் தேசிங்கு, த/பெ கன்னியப்பன்.
பயிர்ச் சேதம் பதினோரு சென்ட்.
கிணற்று மேடை ஒரு பக்கம் இடிந்துள்ளது.
இறந்தவர் ஒருவர்.

எழுதாதது:
பெட்ரோல் வாடையோடு கலந்த பச்சைக் காய் வாடை.
தலையாரி சம்பங்கி கயிறு கட்டிக்கொண்டே வாந்தி எடுத்தது.
மண்ணில் கிடந்த வரைபடத்தில்
சிவப்பு வட்டமும் அதற்குள் ஒரு எண்ணும்.
ஊர்ப் பெயரைத் தேடினேன்,
இல்லை.
விடிவதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து
வரைபடத்தை உறையில் போட்டார்கள்,
எங்கள் செல்போன்களை ஒரு பையில் போட்டார்கள்.
ஏன் உள்ளே வந்தான், வழி தப்பியா, கருவி கெட்டா,
எங்களைக் கேட்டார்கள்.
எங்களை!

மூன்றாம் நாள் அப்பா வந்தார்.
கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர், குழந்தைவேலு.
அழவில்லை.
மீதி கிடந்த இறக்கைத் தகட்டைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்தார்,
ரிவெட்டுகளை ஒவ்வொன்றாய் எண்ணினார்,
நாற்பத்தொன்றில் தப்பிவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து.
"மெல்லிசு. ரொம்ப மெல்லிசுங்க," என்றார் என்னிடம்,
நான்தான் தகடு விற்றவள் போல.
பிறகு கொல்லையைப் பார்த்து,
எவ்வளவு கடலை போச்சு, கொடுத்துர்றேன் என்றார்.
தேசிங்கு கையெடுத்துக் கும்பிட்டார், வேண்டாம் என்று.
"நவநீதனைக் கடைசியா யாராச்சும் பார்த்தீங்களா?"
காற்றில் இலை புரளும் சத்தம்.
யாரும் பார்க்கவில்லை
என்று நான் சொன்னேன்.

ஏனென்றால் முதல் நாளே, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால்,
தேசிங்கு என்னிடம் கேட்டிருந்தார்:
"நான் டார்ச் அடிச்சேம்மா, மேல.
யாருடா அதுன்னு பாக்கத்தான் அடிச்சேன்.
அதப் பாத்துட்டுதான் எறங்கினானா?
எறங்க எடம் இருக்குன்னு நெனச்சிட்டானா?"

மூன்று செல் டார்ச். மஞ்சள் வெளிச்சம்,
வரப்பில் பாம்பு பார்க்கப் போதும்.
அது எத்தனை அடி ஏறும் என்று
எந்தப் பதிவேட்டில் பார்ப்பேன்?
படிவத்தில் பதினாறு கட்டங்கள்.
பயிர், பாசனம், வரி, குறிப்பு.
குறிப்பு என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
மைப்புள்ளி ஒன்று விழுந்தது.
தாசில்தார் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

விசாரணை நடக்கிறது என்கிறார்கள்.
கிணற்று மேடைக்கு நஷ்டஈடு வரலாம், வராமலும் போகலாம்.
கருகிய இடத்தில் கோரை முளைத்துவிட்டது.

நேற்று பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தபோது
நான் பைக்கில் அந்த வழியாய் வந்தேன்.
கொல்லையில் யாரோ நடக்கும் சத்தம்,
வெளிச்சம் இல்லை.
ஹெட்லைட்டைத் திருப்பினேன்.
"அணை, அணை!" என்று கத்தினார் தேசிங்கு.

அணைத்தேன்.
இருட்டில் கால் தடவித் தடவி
அவர் மோட்டாரைப் போடும்வரை
அங்கேயே நின்றேன்.